எந்தப் பிரிவு பிடிக்கும் என்றே தெரியாமல் இன்ஜினியரிங் கவுன்சலிங் போகிறவர்களுக்கு

2024-ல் என் சித்தி பையனுக்குக் கட்-ஆஃப் 200-க்கு 178.5 வந்தது. கணக்கு 94, இயற்பியல் 81, வேதியியல் 88. மோசமான மதிப்பெண் இல்லை, ஆனால் கிண்டி பொறியியல் கல்லூரிக்குப் போகிற மதிப்பெண்ணும் இல்லை. "என்னடா படிக்கப் போற?" என்று கேட்டேன். "தெரியலக்கா, எது கிடைக்குதோ அது" என்றான். அந்த ஒரு பதிலால் அடுத்த மூன்று மாதம் சித்தி வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. தெருவில் ஒருவர் சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்) என்றார், கேபிள்காரர் மெக்கானிக்கல் தான் எவர்கிரீன் என்றார், சித்தப்பாவின் முதலாளி ஏதோ ஒரு கல்லூரியில் தனக்கு ஆளிருக்கிறது என்றார்.

நான் 2012-ல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கே நேரில் போய் சீட் எடுத்தவள். இரவு ரயிலில் வந்து, ஹாலில் உட்கார்ந்து, திரையில் சீட் எண்ணிக்கை குறைவதைப் பார்த்துப் பதறி, மாமா காதில் சொன்ன இசிஇ-யை (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) எடுத்தேன். என்ன படிக்கப்போகிறோம் என்று யோசித்தது மொத்தமே ஐந்தாறு நிமிடம். இவனுக்காவது கொஞ்சம் ஒழுங்காகச் செய்யலாம் என்று இறங்கியதில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இது தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங் வழியாகப் போகிறவர்களுக்கு. ஜேஇஇ எழுதி நல்ல ரேங்க் வைத்திருந்தால் ஐஐடி, என்ஐடிகளுக்கான ஜோசா கவுன்சலிங்கையும் விடாதீர்கள், திருச்சி என்ஐடியில் பாதி இடங்கள் நம் மாநிலத்துப் பிள்ளைகளுக்குத்தான்.

1. ஆர்வம் அப்புறம், முதலில் காகிதம்

பிரிவைப் பற்றிச் சண்டை போட ஜூலை வரை நேரம் இருக்கிறது. சான்றிதழுக்கு இல்லை. பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே முதல், இரண்டாம் வாரத்தை ஒட்டி விண்ணப்பம் திறக்கும், ஏறக்குறைய ஒரு மாதத்தில் மூடிவிடும். தாலுகா அலுவலகத்தில் உங்களைப் போலவே ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அந்த ஒரு மாதத்தில்தான் நிற்பார்கள். தேர்வு முடிந்த மறுவாரமே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை: பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஏதாவது ஒரு வகுப்பை வெளி மாநிலத்தில் படித்திருந்தால் நேட்டிவிட்டி சான்றிதழ். கல்வி உதவித்தொகை வாங்கப்போகிறீர்கள் என்றால் வருமானச் சான்றிதழ். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்கள் 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் வருவார்கள், அதற்குப் பள்ளியிலிருந்து ஒவ்வொரு வகுப்புக்கும் படித்ததற்கான சான்று வேண்டும். நடுவில் பள்ளி மாறியவர்கள் பழைய பள்ளிக்கும் நடக்க வேண்டியிருக்கும், கோடை விடுமுறையில் தலைமையாசிரியரைப் பிடிப்பது ஒரு தனிக் கலை.

வீட்டில் யாரும் பட்டம் படிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ். எங்களைத் தவிக்கவிட்டது இதுதான். விண்ணப்பித்தபோது விஏஓ விடுப்பில் இருந்தார், அவர் வந்தபோது ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) மாற்றலாகிப் போயிருந்தார், கடைசியில் 18 நாள் ஆனது. தாத்தா பாட்டி காலத்திலிருந்து யார் யார் எதுவரை படித்தார்கள் என்று கேட்பார்கள். அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே பட்டதாரி என்றால் உங்களுக்குக் கிடைக்காது. இன்னொன்று, இந்தச் சலுகை கவுன்சலிங்கில் எடுத்த இடத்துக்கு மட்டும்தான். மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்த்துவிட்டு இந்தச் சான்றிதழை நீட்டினால் பலன் இல்லை.

விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய், எஸ்சி, எஸ்சிஏ (அருந்ததியர்), எஸ்டி பிரிவினருக்கு 250. பதிவு செய்யும்போது கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். பிரௌசிங் சென்டர்காரர் அவசரத்தில் தன்னுடைய எண்ணைப் போட்டுவிடுவார். ஜூலையில் ஓடிபி அவருக்குப் போகும், அவர் குலதெய்வம் கோயிலுக்குப் போயிருப்பார். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் ஒவ்வொரு மாவட்டத்திலும் கவுன்சலிங் உதவி மையம் இருக்கிறது. எல்லோரும் டிஎஃப்சி என்பார்கள். அங்கே இலவசமாகவே உதவுகிறார்கள்.

2. உங்கள் எண் எங்கே நிற்கிறது

கணக்கு மதிப்பெண் அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, மொத்தம் 200-க்கு. மேலே சொன்ன பையனுக்கு 94 + 40.5 + 44. ஒரே கட்-ஆஃபில் பல பேர் இருந்தால் முதலில் கணக்கைப் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல். எல்லாம் சமமாகிவிட்டால் பிறந்த தேதி, கடைசியில் ரேண்டம் எண்.

ரேங்க் வருவதற்கு முன்பே கவுன்சலிங் தளத்தில் முந்தைய வருடங்களின் கட்-ஆஃப் விவரத்தைப் பாருங்கள். கல்லூரி, பிரிவு, சாதிப் பிரிவு வாரியாகக் கடைசியாக எந்த மதிப்பெண் வரை போனது என்று கிடைக்கும். மூன்று வருடத்துக்கு எடுத்து நோட்டில் எழுதுங்கள். ஒரு வருடத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் கேள்வித்தாள் எளிதாக வந்த வருடம் கட்-ஆஃப் ஏறும், கடினமாக வந்தால் இறங்கும். அதோடு 2024-லிருந்து, இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇ, ஒரு பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டது. பெரிய தனியார் கல்லூரிகள் சிஎஸ்இ இடங்களைக் கூட்டிக்கொண்டே போகின்றன, அதனால் பழைய எண்கள் சிஎஸ்இக்கு முன்பு போலப் பொருந்துவதில்லை. மதிப்பெண்ணைவிட ரேங்கை ஒப்பிடுவது கொஞ்சம் நம்பகமானது.

உங்கள் எண்ணுக்கு மேலே கொஞ்சம், கீழே தாராளம் என்று ஒரு வட்டம் போட்டால் முப்பது நாற்பது கல்லூரிகள் விழும். கையில் எட்டாததைப் பற்றி வீட்டில் நடக்கும் பாதிச் சண்டை இந்த ஒரு நோட்டிலேயே முடிந்துவிடும்.

3. பிடித்ததைத் தேடி அலைய வேண்டாம், பிடிக்காததைக் கழியுங்கள்

பதினேழு வயதில் உனக்கு எதில் ஆர்வம் என்று கேட்டால் பையன் என்ன சொல்வான்? அவன் பார்த்ததெல்லாம் பள்ளிக்கூடமும் டியூஷனும்தான். ஒரு டிரான்ஸ்ஃபார்மரைத் திறந்து பார்த்ததில்லை, நூறு வரி புரோகிராம் எழுதியதில்லை. தெரியாது என்பதுதான் நேர்மையான பதில், அதற்காகத் திட்டக்கூடாது. ஆனால் எது ஆகவே ஆகாது என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் போதும். நாங்கள் செய்தது இது.

முதலில் பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகங்களை மறுபடி எடுத்து வைத்தோம். இயற்பியலில் எந்தப் பாடம் பரவாயில்லை, எது எரிச்சல்? மின்காந்தத் தூண்டலும் மாறுதிசை மின்னோட்டமும் தலையைச் சுற்றியது என்றால் ட்ரிபிள்-இ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) யோசித்துப் போங்கள், அங்கே நான்கு வருடமும் அதுதான். டையோடு, டிரான்சிஸ்டர், லாஜிக் கேட் வந்த கடைசிப் பகுதி பிடித்தது என்றால் இசிஇ. பிளஸ் ஒன்னில் திண்மப்பொருட்களின் சுழற்சி, வெப்ப இயக்கவியல் கணக்குகள் ஓடியது என்றால் மெக்கானிக்கல் பயமில்லை. வேதியியலில் மின்வேதியியல் மட்டும் தனியாகப் பிடிக்கும் பிள்ளைகள் உண்டு, அவர்களுக்குக் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியிலேயே ஒரு பி.டெக் இருக்கிறது, நிறைய பேருக்குத் தெரிவதில்லை. ஒரு எச்சரிக்கை: பாடம் பிடிக்கவில்லையா, நடத்திய வாத்தியாரைப் பிடிக்கவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். இவனுக்கு வேதியியல் மேல் இருந்த வெறுப்பு முழுக்க ஒரே ஒரு மனிதர் மேல் இருந்த வெறுப்பு.

அடுத்து, அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை இறக்கினோம். சில வருடத்துக்கு ஒருமுறை பாடத்திட்டம் மாறும், அந்தப் பதிப்புக்குப் பெயர்தான் ரெகுலேஷன். உங்கள் வருடத்துக்கு எந்த ரெகுலேஷன் என்று பார்த்து அதையே எடுங்கள். முதல் வருடத்தைப் பார்த்துப் பயனில்லை, பெரும்பாலும் எல்லோருக்கும் ஒன்றுதான். இவன் படிக்கும் 2021 ரெகுலேஷனில் சிவில் பையனும் பைத்தான் படிக்கிறான், சிஎஸ்இ பையனும் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் வரைகிறான். மூன்றாவது செமஸ்டரிலிருந்து ஆறாவது வரை பாருங்கள், பிரிவின் சுயரூபம் அங்கேதான் தெரியும். சிஎஸ்இ என்றால் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிஸ்க்ரீட் கணிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வது பிடிக்கும் என்று சிஎஸ்இ எடுக்கிறவர்கள் அந்தக் கடைசிப் பாடத்தின் இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு முடிவெடுக்கட்டும். சிவில் என்றால் சர்வே, மண் இயக்கவியல், ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ். வெயிலில் நிற்பதும் கணக்கும் சரிபாதி.

பிறகு என்பிடெல் தளத்துக்குப் போய், ஐஐடி பேராசிரியர்கள் எடுத்த வகுப்புகள் இலவசமாகக் கிடக்கின்றன, ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பாடத்தின் முதல் இரண்டு வகுப்பைப் பார்க்கச் சொன்னேன். புரிய வேண்டும் என்று இல்லை. இருபதாவது நிமிடத்தில் கை போனை எடுக்கிறதா, இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று தோன்றுகிறதா, அது மட்டும்தான் சோதனை. கூடவே கைவேலை: நான்கு நாள் பைத்தான், தெரிந்த எலக்ட்ரீசியன் மாமாவோடு இரண்டு நாள், ஒரு லேத் பட்டறையில் ஒரு நாள். பட்டறையில் அவன் மாலை வரை உட்கார்ந்திருந்தான், பைத்தானில் மூன்றாம் நாளே முகம் வாடியது. ஆனால் நான்காம் நாள் எழுதிய புரோகிராம் ஓடியதும் இரவு பன்னிரண்டு வரை தூங்கவில்லை. அதனால் எதையும் முதல் நாளில் கழிக்காதீர்கள்.

இரண்டு வாரத்தின் முடிவில் எங்கள் பட்டியலிலிருந்து போனவை சிவில், கெமிக்கல், பயோடெக். நின்றவை மெக்கானிக்கல், ட்ரிபிள்-இ, இசிஇ, சிஎஸ்இ. அவ்வளவுதான், ஆர்வம் என்னவென்று கடைசிவரை தெரியவில்லை. தெரியாமலேயே மேலே போகலாம்.

4. பெயர் நீளமாக இருந்தால் நின்று யோசியுங்கள்

எது பிடிக்கும் என்று தெரியாதவர்கள் அகலமான பிரிவை எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. சிஎஸ்இ, இசிஇ, ட்ரிபிள்-இ, மெக்கானிக்கல், சிவில். இவை பழைய பெயர்கள், எந்த வேலை அறிவிப்பிலும் இருக்கும், எந்த மேற்படிப்புக்கும் வாசல் உண்டு. மெக்கானிக்கல் படித்துவிட்டுப் பிறகு விமானத்துறைக்குப் போக முடியும். ஏரோநாட்டிக்கல் படித்துவிட்டுப் பொதுவான மெக்கானிக்கல் வேலைக்குப் போகும்போது ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

இது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. டிஎன்பிஎஸ்சி பொறியியல் பணித் தேர்வுகளில் ஒவ்வொரு பதவிக்கும் எந்தப் பட்டம் என்று பெயரோடு போடுவார்கள். உங்கள் பட்டத்தின் பெயர் வேறாக இருந்தால், இதுவும் அதுவும் சமம் என்று அரசாணை இருக்கிறதா என்று தேடி, அதைக் காட்ட வேண்டும். என்னோடு படித்த தோழியின் தம்பி இதில் மாட்டி ஒரு வருடம் போனது.

அதே நேரம் சிஎஸ்இக்குப் பின்னால் சைபர் செக்யூரிட்டி, ஐஓடி, ஏஐ என்று ஒட்டு வைத்த பிரிவுகளைப் பேய் மாதிரி பார்க்கவும் வேண்டாம். பாடத்திட்டத்தைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரும்பகுதி சிஎஸ்இதான் இருக்கும், கடைசி மூன்று செமஸ்டரில் சில பாடங்கள் மாறும். என்ன பிரச்சினை என்றால், அதை நடத்த ஆள் இருக்கிறார்களா என்பது. போன வருடம் புதிதாகத் தொடங்கிய பிரிவு என்றால் இன்னும் ஒரு பேட்ச் கூட வெளியே வந்திருக்காது, கேட்டுப்பார்க்க சீனியர் கிடையாது. ஐடி, ஏஐ-டிஎஸ் (ஏஐயும் டேட்டா சயின்ஸும்), சிஎஸ்இ மூன்றும் ஒரே கல்லூரியில் கிடைத்தால் எது கிடைத்தாலும் எடுங்கள், அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

5. கல்லூரியா, பிரிவா?

எல்லோரும் கேட்பது. நல்ல கல்லூரியில் ட்ரிபிள்-இ கிடைக்கிறது, சுமாரான கல்லூரியில் சிஎஸ்இ கிடைக்கிறது, எது? கோடிங்தான் என் உயிர் என்று ஏற்கெனவே தெரிந்த பிள்ளைக்கு சிஎஸ்இ. தெரியாத பிள்ளைக்குக் கல்லூரி. சுற்றி இருக்கும் பிள்ளைகள் எப்படி, லேப் திறந்திருக்கிறதா, கம்பெனி வருகிறதா என்பதெல்லாம் கல்லூரியோடு வருவது, பிரிவோடு இல்லை. நல்ல கல்லூரிக்கு வரும் சாஃப்ட்வேர் கம்பெனிகள் பல, எல்லாப் பிரிவுப் பிள்ளைகளையும் தேர்வு எழுத விடுகின்றன. நான் இசிஇ, பத்து வருடமாகச் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். ஆண்டெனா பாடத்தில் வாங்கிய அரியரைத் தவிர இசிஇயிடம் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

மனம் மாறினாலும் வழி இருக்கிறது. 2021 ரெகுலேஷனில் கூடுதலாக 18 கிரெடிட் படித்து வேறு துறையில் மைனர் டிகிரி வாங்க இடம் உண்டு. சென்னை ஐஐடியின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பிஎஸ் படிப்பில் ஜேஇஇ இல்லாமலேயே தகுதிச் சுற்று எழுதிச் சேரலாம், இன்ஜினியரிங்கோடு சேர்த்தும் படிக்கலாம், ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022-ல் யுஜிசி அனுமதி கொடுத்துவிட்டது. எம்.டெக் போன்ற மேற்படிப்புக்கான கேட் தேர்வில் மெக்கானிக்கல் பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளை எழுதத் தடையில்லை. ஆனால் முதல் வருடம் முடிந்ததும் பிரிவு மாற்றித் தருகிறோம் என்று கல்லூரியில் யாராவது வாய்மொழியாகச் சொன்னால் அதை நம்பி சேராதீர்கள். எங்களிடமும் ஒரு கல்லூரி அட்மிஷன் மேஜையில் அப்படித்தான் சொன்னார்கள், எழுதித் தாருங்கள் என்றதும் பேச்சு மாறிவிட்டது.

கல்லூரியை வேலைநாளில் போய்ப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா மாதிரி அலங்கரித்து வைக்கும் நாளில் இல்லை. பிளேஸ்மெண்ட் அதிகாரியிடம் பேசுவதைவிட வாசல் டீக்கடையில் மூன்றாம் வருடப் பையன்களிடம் பேசுங்கள். கேட்க வேண்டியவை: உன் பிரிவில் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, பெரும்பாலானவர்களுக்கு எவ்வளவு சம்பளம்? பேனரில் இருக்கும் அந்த ஒரு பெரிய சம்பளம் யாரோ ஒருவருடையது, உங்களுக்கு வேண்டியது நடுவில் இருப்பவரின் சம்பளம். லேப் சாயங்காலம் திறந்திருக்குமா? எதற்கெல்லாம் ஃபைன்? அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டர் தேர்வுக்கும் கல்லூரி வாரியாகத் தேர்ச்சி சதவீதம் வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அந்தப் பட்டியலை வைத்து அவற்றை எடைபோட முடியாது.

6. பணக்கணக்கு

தனியார் கல்லூரியில் கவுன்சலிங் இடத்துக்கு அரசின் கட்டணக் குழு 2017-ல் வைத்த தொகை வருடத்துக்கு 50,000, என்பிஏ என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000. மேனேஜ்மெண்ட் கோட்டாவுக்கு 85,000-மும் 87,000-மும். உங்கள் வருடத்துத் தொகையைச் சேரும் முன் சரிபாருங்கள். அரசுக் கல்லூரிகளில் இதில் ஒரு சிறு பங்குதான் வரும்.

ஆனால் இந்த எண்ணை வைத்து மட்டும் திட்டமிட்டால் விழுந்துவிடுவீர்கள். எங்களிடம் ஒரு கல்லூரி நீட்டிய தாளில் டியூஷன் ஃபீஸ் 55,000 என்று ஒழுங்காக இருந்தது, கீழே பயிற்சிக் கட்டணம், சீருடை, சங்கம், 'இதர' என்று இன்னொரு 38,000. இதில் எது கட்டாயம், எதற்கு ரசீது என்று ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். அப்புறம் விடுதி. மாதம் எட்டாயிரம் என்று வைத்தாலும் பத்து மாதத்துக்கு 80,000, நான்கு வருடத்துக்கு 3,20,000. டியூஷன் ஃபீஸோ நான்கு வருடத்துக்கே 2,20,000தான். படிப்பைவிடச் சாப்பாடும் கட்டிலும் அதிகம்! வீட்டிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய நல்ல கல்லூரி இருந்தால், நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அதேபோன்ற இன்னொன்றுக்காக அந்த மூன்று லட்சத்தைக் கொடுக்கலாமா என்று ஒரு தடவை யோசியுங்கள்.

ஒரு கண்ணி: அரசு உதவி பெறும் பெரிய கல்லூரிகளிலும், அண்ணா பல்கலைக்கழக வளாகங்களிலுமே கூட, சில பிரிவுகளுக்குப் பின்னால் 'எஸ்எஸ்' என்று இருக்கும். சுயநிதிப் பிரிவு என்று அர்த்தம். கல்லூரி அதேதான், கட்டணம்தான் பல மடங்கு. கட்-ஆஃப் கொஞ்சம் கீழே இருக்கிறதே என்று மகிழ்ந்து போட்டுவிட்டுப் பிறகு முழிக்காதீர்கள்.

வரும் பணத்தையும் எழுதுங்கள். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது, அவர்களிடம் கல்லூரி பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000. கடன் வேண்டுமென்றால் வித்யாலட்சுமி தளம் வழியாக விண்ணப்பிக்கலாம், 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்காமல் கடன் தர அரசின் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. வங்கி மேனேஜரைப் பார்க்க ஒரே நடையில் முடியும் என்று நினைக்காதீர்கள்.

7. சாய்ஸ் பட்டியல்

பொதுக் கவுன்சலிங் ரேங்க் வரிசைப்படி மூன்று நான்கு சுற்றாக நடக்கும். உங்கள் சுற்று வந்ததும் பட்டியல் போட மூன்று நாள் தருவார்கள். இந்த மூன்று நாளில் முடிவெடுக்கக் கூடாது, ஏற்கெனவே நோட்டில் எடுத்த முடிவைத் தட்டச்சு மட்டும் செய்ய வேண்டும்.

கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும், உங்கள் ரேங்க் வரும்போது எது காலியாக இருக்கிறதோ அதில் முதலாவதைத் தரும். அதனால் உங்களுக்கு நிஜமாக எது முதலில் வேண்டுமோ அதுதான் முதலில். "இது எனக்குக் கிடைக்காது, மேலே போட்டால் வீணாகிவிடும்" என்று சித்தப்பா பிடிவாதமாக நின்றார். வீணாகாது. கிடைக்காத பத்தை மேலே போட்டாலும் பதினொன்றாவது உங்கள் கையைவிட்டுப் போகாது. எதிர்த்திசைத் தவறுதான் ஆபத்து: கிடைக்கும் என்று ஒன்றை மேலே வைத்துவிட்டால், அதைவிட நல்லது கீழே காலியாக இருந்தாலும் அது உங்களுக்கு வராது.

எத்தனை வேண்டுமானாலும் போடலாம். நாங்கள் 64 போட்டோம், கிடைத்தது 23-வது. பத்து மட்டும் போட்டு எதுவும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்பட்ட பிள்ளைகளைப் பார்த்தேன், மற்றவர்கள் எடுத்தது போக மீதி இருப்பதில்தான் அங்கே தேட வேண்டும். அதே சமயம், கிடைத்தால் நிச்சயமாகச் சேரமாட்டேன் என்பதைப் பட்டியலின் நீளத்துக்காகப் போடாதீர்கள்.

கல்லூரிப் பெயரை நம்பாமல் கவுன்சலிங் எண்ணைப் பாருங்கள். ஒரே அறக்கட்டளை மூன்று கல்லூரி நடத்தும், பெயரில் 'காலேஜ்', 'இன்ஸ்டிட்யூட்' என்ற ஒரு சொல்தான் வித்தியாசம், ஒன்று ஊருக்குள், இன்னொன்று பைபாஸில் இருபது கிலோமீட்டர் தள்ளி. பிரிவுக் குறியீட்டையும் அப்படியே, எஸ்எஸ், தமிழ் வழி என்று தனித்தனிக் குறியீடு உண்டு. தமிழ் வழியில் சிவிலோ மெக்கானிக்கலோ விரும்பிப் போடுகிறவர்கள் போடட்டும், தெரியாமல் போடக்கூடாது.

பட்டியலை லாக் செய்வதற்கு முன் ஒரு இரவு விடுங்கள். காலையில் வீட்டில் ஒருவர் சத்தமாக வாசிக்க, பிள்ளை ஒவ்வொன்றுக்கும் "இது கிடைத்து அதற்கு மேலே எதுவும் கிடைக்கவில்லை என்றால் சரியா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லட்டும். நாங்கள் ஏழு இடம் மாற்றினோம். கடைசி மணி நேரத்துக்கு வைக்காதீர்கள், ஓடிபி வராது.

8. அலாட்மெண்ட் வந்த பிறகு

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதிசெய்ய இரண்டே நாள். விட்டுவிட்டால் இடம் போய்விடும், கெஞ்சினாலும் வராது. திரையில் பல வாய்ப்புகள் இருக்கும், எல்லாவற்றையும் ஒருமுறைக்கு மூன்று முறை வாசியுங்கள். ஏற்றுச் சேர்கிறேன் என்பது ஒன்று. ஏற்றுக்கொள்கிறேன், மேலே ஏதாவது காலியானால் அதையும் தாருங்கள் என்பது இன்னொன்று, இதற்கு டிஎஃப்சியில் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இது வேண்டாம், மேலே இருப்பது மட்டும் என்பது சூதாட்டம். வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் போகிறேன் என்பதும், மொத்தமாக விலகுகிறேன் என்பதும் மீதி.

இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். பட்டியலில் மேலே இருக்கும் ஏதாவது காலியானால் தானாக அங்கே மாற்றிவிடுவார்கள், பழைய இடம் அந்த நிமிடமே வேறொருவருக்குப் போய்விடும். "இல்லை, எனக்குப் பழையதே போதும்" என்று திரும்ப முடியாது. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்திக்கு உள்ளூரில் இசிஇ கிடைத்து, அவள் யாரோ சொன்னார்கள் என்று மேலே போட்டு வைத்திருந்த தூரத்துக் கல்லூரிக்கு மாற்றல் வந்து, வீட்டில் ஒரே அழுகை. இவனுக்கு 23-வதாகக் கிடைத்தது கொஞ்சம் நல்ல பெயருள்ள கல்லூரியில் ட்ரிபிள்-இ. மேலே காத்திருப்போமா என்று கேட்டேன். "போதும்க்கா, எலக்ட்ரீசியன் மாமா சந்தோஷப்படுவார்" என்றான்.

9. சேரும் நாள்

ஒதுக்கீட்டு ஆணையில் சேர வேண்டிய கடைசி நாள் இருக்கும், அதற்கு இரண்டு நாள் முன்னால் போங்கள், கடைசி நாள் ஞாயிறாகவும் வங்கி விடுமுறையாகவும் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. பணத்தை வரைவோலையாகவோ ஆன்லைனிலோ கட்டுங்கள், ரொக்கமாக வேண்டாம், ஒவ்வொரு தொகைக்கும் தலைப்போடு ரசீது வாங்குங்கள்.

இன்னும் வேறு எதற்காவது காத்திருக்கிறீர்கள் என்றால் பயப்படாமல் சேரலாம். வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பதும் ஏஐசிடிஇ விதி. விலகல் கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், தேதிதான் முக்கியம்.

எல்லாச் சான்றிதழையும் கொடுப்பதற்கு முன் ஸ்கேன் செய்து, ஐந்து நகல் எடுத்து வையுங்கள். மாற்றுச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் பத்து எடுங்கள், உதவித்தொகை, கடன், பஸ் பாஸ், விடுதி என்று ஒவ்வொரு மேஜையிலும் ஒன்று கேட்பார்கள், கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் அன்றைக்குப் பக்கத்துக்கு ஐந்து ரூபாய். ஆறு பாஸ்போர்ட் புகைப்படம், ஒரு பசை, ஒரு ஸ்டேப்ளர். பேனா இரண்டு, ஒன்றைக் கண்டிப்பாக யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.